ஆப்பிரிக்காவில் ஆஸ்துமா: கணக்கில் வராத மூச்சுத் திணறல்

1979-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹோசா மொழி பேசும் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு இடங்களில் ஓடவிட்டு, ஓடி முடித்ததும் மூச்சு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். ஓர் இடம் கேப் டவுனில் கறுப்பினத்தவருக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கியிருந்த குகுலேத்து. இன்னொன்று டிரான்ஸ்கை கிராமப்புறம். குகுலேத்து பிள்ளைகளில் 3.17 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. டிரான்ஸ்கையில் 0.14 சதவீதம்தான். கிராமத்தில் ஆயிரம் பிள்ளைகளை எடுத்தால் இரண்டு பேர்கூடத் தேறவில்லை. இரண்டு ஊரும் ஒரே இனம், ஒரே மொழி.

1991-இல் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த எண்கள் இதற்கு வலுச் சேர்த்தன. அங்கேயும் பிள்ளைகளை ஓடவிட்டுத்தான் சோதித்தார்கள். தலைநகர் ஹராரேயின் வடக்குப் பக்கம், வசதியானவர்கள் வாழும் புறநகர்களில் 5.8 சதவீதம் பேருக்கு மூச்சுக்குழாய் சுருங்கியது. அதே நகரத்தின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் 3.1 சதவீதம். வெட்சா என்ற கிராமப்புற மாவட்டத்தில் வெறும் 0.1 சதவீதம். ஆஸ்துமா என்பது நகரத்து நோய், வசதி வந்தால் வரும் நோய், ஆப்பிரிக்கக் கிராமத்தைத் தொடாத நோய் என்ற முடிவுக்கு வர இது போதுமானதாக இருந்தது. மலேரியாவும் காசநோயும் பிறகு எச்ஐவியும் உலுக்கிக்கொண்டிருந்த ஒரு கண்டத்தில் ஆஸ்துமாவைப் பின்வரிசைக்குத் தள்ள அந்த முடிவு வசதியாகவும் இருந்தது.

அந்த முடிவு நிலைக்கவில்லை. 2005-இல் கேப் டவுனிலும் டிரான்ஸ்கை பகுதியிலும் ஹோசா பிள்ளைகளிடம் மறுபடி ஓட்டச் சோதனை செய்த ஆய்வு ஒன்று வெளியானது. நகரத்தில் 14.9 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம். சோதனை முறையிலும் வரம்பு வைத்ததிலும் பழைய ஆய்வுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைத்து இத்தனை மடங்கு பெருகிவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் இருந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டது. அதை முறையின் வேறுபாடு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. கானாவின் குமாசி பகுதியில் ஒரே குழு, ஒரே முறையில், பத்தாண்டு இடைவெளியில் செய்த இரண்டு ஆய்வுகளும் இதையே காட்டின. ஓடியதும் மூச்சுக்குழாய் சுருங்கிய பிள்ளைகள் 1993-இல் 3.1 சதவீதமாக இருந்தது 2003-இல் 5.2 ஆனது. ஒவ்வாமைச் சோதனையில் தோல் தடிக்கும் பிள்ளைகளின் பங்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

சரி, இன்றைக்கு எவ்வளவு? 2010 நிலவரப்படி ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் ஏறத்தாழ 12 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருக்கும் என்று ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்த மாதிரிப் பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. நைஜீரியாவின் நாடு தழுவிய ஆய்வு ஒன்றைப் பார்த்தால் காரணம் புரியும். அதே மக்கள், அதே ஆய்வு. மருத்துவர் "உங்களுக்கு ஆஸ்துமா" என்று சொன்னவர்களை மட்டும் எண்ணினால் 2.5 சதவீதம். அறிகுறியையும் மருந்துப் பயன்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் 6.4 சதவீதம். கடந்த ஓராண்டில் நெஞ்சில் விசில் சத்தத்தோடு மூச்சு இழுத்ததா என்று கேட்டால் 9 சதவீதம். இருபது கோடிப் பேர் வாழும் நாட்டில் 2.5-க்கும் 9-க்கும் இடையே நிற்பவர்கள் ஒரு கோடிக்கு மேல். எந்த எண் சரி என்பதைவிட, முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் விடுபட்டுப்போகிறவர்கள் யார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அவர்களைப் பற்றித்தான்.

கேள்வி கேட்டு எண்ணுவது

ஆஸ்துமாவுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கி, சுற்றியிருக்கும் தசை இறுகி, சளி சேர்ந்து வழி குறுகுகிறது. கொஞ்ச நேரத்திலோ மருந்து கொடுத்தாலோ விரிந்துவிடுகிறது. வந்துவந்து போவதுதான் அதன் குணம். சோதிக்கப் போகிற அன்று அது இல்லாமலும் இருக்கலாம். அதனால் பெரிய அளவில் எண்ண வேண்டும் என்றால் கேள்வித்தாள்தான் வழி.

அந்தக் கேள்வித்தாளை உலகம் முழுவதும் ஒரே மாதிரியாகக் கொண்டுபோனது 'ஐசாக்' என்ற பன்னாட்டு ஆய்வு. 1998-இல் வந்த அதன் முதல் முடிவுகளில் 56 நாடுகளைச் சேர்ந்த, 13–14 வயதுள்ள நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் உச்சத்தில் இருந்தன. ஆப்பிரிக்கா நடுவில் எங்கோ இருந்தது. அந்த ஆய்வில் பங்கேற்ற கேப் டவுனை மட்டும் தொடர்ந்து பார்ப்போம். 1995-இல் அந்த நகரத்தின் பதின்வயதுப் பிள்ளைகளில் 16 சதவீதம் பேர் கடந்த ஓராண்டில் மூச்சிழுப்பு இருந்ததாகச் சொன்னார்கள். 2002-இல் அது 20.3 சதவீதம். 2017-இல் மறுபடி கேட்டபோதும் ஏறத்தாழ அதே நிலைதான், ஐந்தில் ஒருவர்.

இதைப் பார்த்துவிட்டு "ஏறி நின்றுவிட்டது, பரவாயில்லை" என்று மூச்சு விடலாம். ஆனால் அதே கேள்வித்தாளில் இன்னொரு வரிசையும் உண்டு: ஒரு சொல் இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டியவர்கள். 1995-இல் 5 சதவீதமாக இருந்த இந்தக் கூட்டம் 2002-இல் 7.8 ஆனது, 2017-இல் அதற்கும் மேலே போனது. மூச்சிழுப்பு உள்ளவர்களின் எண்ணிக்கை நின்றுவிட்ட பிறகும் அவர்களில் மோசமாக அவதிப்படுகிறவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. உலக அளவில் ஒப்பிட்டாலும் இப்படித்தான். பணக்கார நாடுகளில் மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகள் அதிகம். ஆனால் மூச்சிழுப்பு உள்ளவர்களுக்குள் கடுமையாக அவதிப்படுகிறவர்களின் விகிதம் ஆப்பிரிக்காவிலும் இந்தியத் துணைக்கண்டத்திலும் கூடுதல். நோய் அங்கே வேறு என்பதால் இல்லை. சிகிச்சை போய்ச் சேராததால்.

சிகிச்சை எவ்வளவு தூரம் சேரவில்லை என்பதை 'அகேசியா' ஆய்வு எடுத்துக் காட்டியது. மலாவியின் பிளான்டயர், உகாண்டாவின் கம்பாலா, கானாவின் குமாசி, நைஜீரியாவின் லாகோஸ், தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜிம்பாப்வேயின் ஹராரே என்று ஆறு நகரங்களின் பள்ளிகளில் 12 முதல் 14 வயது வரையிலான 27,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கேட்டார்கள். சுமார் 12 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா அறிகுறி. அந்த 12 சதவீதத்தில், மருத்துவர் யாராவது ஆஸ்துமா என்று சொன்னது ஐந்தில் ஒருவருக்கு மட்டும். மீதி நான்கு பேர் பெயர் தெரியாத ஒரு தொந்தரவோடு பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் பெரிய நகரங்கள். மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்கள்.

ஏன் யாரும் சொல்வதில்லை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். இருமலும் மூச்சு வாங்கலுமாக ஒரு பிள்ளை வருகிறது. அந்த ஊரில் இருமல் என்றால் முதல் சந்தேகம் காசநோய் மேல்தான். அது தப்பும் இல்லை, அங்கே காசநோய் அவ்வளவு உண்டு. சளியைச் சோதிக்கிறார்கள், கிருமி இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புகிறார்கள். நான்கு நாளில் இழுப்பு தானாக அடங்குகிறது, ஏனென்றால் ஆஸ்துமா அப்படித்தான் அடங்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் அதே கதை, வேறு செவிலியர், வேறு சீட்டு. ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமீட்டர் பெரும்பாலும் பெரிய மருத்துவமனையோடு நின்றுவிடுகிறது. அப்புறம் வெட்கம் வேறு. வகுப்பில் இருமிக்கொண்டே இருக்கிற பிள்ளையைக் காசநோய்க்காரன் என்று ஒதுக்குவது, இன்ஹேலரை எடுத்தால் அதுவும் ஏதோ பெரிய வியாதியின் அடையாளம் என்று பார்ப்பது. பிள்ளைகள் ஒளித்து வைக்கப் பழகிவிடுகிறார்கள்.

புழுவும் நகரமும்

நகரத்துக்கு வந்தால் ஏன் ஆஸ்துமா கூடுகிறது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வுகள் ஒரு காலத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. எத்தியோப்பியாவின் ஜிம்மா பகுதியில் கொக்கிப்புழு அதிகமாக இருந்தவர்களுக்கு மூச்சிழுப்பு குறைவாக இருந்தது. 2001-இல் வெளியானது அது. அதற்கு ஒரு வருடம் முன்பு காபோன் நாட்டின் லம்பரேனேயிலிருந்து வந்த ஆய்வில், சிஸ்டோசோம் என்ற ரத்தப் புழு இருந்த பிள்ளைகளுக்குத் தூசிப்பூச்சி ஒவ்வாமை குறைவாக இருந்தது. புழு தான் உயிரோடு இருப்பதற்காக மனித உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறது; அந்த அடக்கத்தில் ஒவ்வாமையும் சேர்ந்து அடங்குகிறது என்பது விளக்கம். பிறகு அதே நாட்டில் பிள்ளைகளுக்குப் புழு மருந்து தொடர்ந்து கொடுத்தபோது தூசிப்பூச்சிக்கு எதிரான தோல் ஒவ்வாமை கூடியது.

அழகான விளக்கம்தான். ஆனால் முழுக் கதை அது இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்த ஆய்வில் நாக்குப்பூச்சி வேறு விதமாக நடந்துகொண்டது. அது இருந்த பிள்ளைகளுக்குத் தோல் ஒவ்வாமை குறைவு. மூச்சுக்குழாய் சுருக்கமோ கூடுதல். நாக்குப்பூச்சியின் குஞ்சுகள் குடலிலிருந்து நுரையீரல் வழியாகப் பயணம் போகிறவை என்பதை நினைத்தால் இதில் பெரிய வியப்பு இல்லை. எந்தப் புழு, எத்தனை புழு, எந்த வயதில் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் ஆஸ்துமாவில் கணிசமான பங்கு ஒவ்வாமையோடு சம்பந்தமே இல்லாதது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பிள்ளைகளை வைத்து எழுதிய பாடப்புத்தகம் இங்கே பாதிதான் உதவும்.

உகாண்டாவின் தேசிய ஆய்வு 2019-இல் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. நகரத்தில் 13, கிராமத்தில் 9-ஐ ஒட்டி. 1979-இன் டிரான்ஸ்கை எண்ணை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்கு ஆஸ்துமா வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நாற்பதைத் தாண்டியவர்கள்

பிள்ளைகளை விட்டுப் பெரியவர்களிடம் வந்தால் படம் வேறு மாதிரி. இங்கே பேச்சு, வந்துபோகாமல் நிலைத்து நிற்கும் மூச்சுக்குழாய் அடைப்பைப் பற்றியது. மருத்துவர்கள் சிஓபிடி என்பார்கள். இதைக் கேள்வி கேட்டு எண்ணத் தேவையில்லை. மூச்சை முழுக்க இழுத்து, பலமாக ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் போதும். மருந்து கொடுத்த பிறகும் அந்த முதல் நொடிப் பங்கு குறைவாகவே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள்.

'போல்ட்' என்ற பன்னாட்டு ஆய்வு 40 வயதைத் தாண்டியவர்களை இப்படி ஊதவைத்தது. 2007-இல் அதன் முதல் 12 ஊர்களின் முடிவு வந்தபோது பட்டியலின் தலையில் இருந்தது ஐரோப்பிய நகரமும் இல்லை, அமெரிக்க நகரமும் இல்லை. கேப் டவுன். அங்கே ஆண்களில் 22.2 சதவீதம் பேருக்கும் பெண்களில் 16.7 சதவீதம் பேருக்கும் நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தது. ஆய்வு நடந்த இடம் நகரத்தின் வடக்குப் புறம், ரேவன்ஸ்மீட், அய்ட்சிக் என்ற இரண்டு உழைக்கும் மக்களின் குடியிருப்புகள். அரசாங்கக் கணக்கில் 'கலப்பினத்தவர்' என்று வகைப்படுத்தப்பட்டவர்களே அங்கே பெரும்பான்மை. ஆண் பெண் இருபாலரிடமும் புகைப்பழக்கம் அதிகம். ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளில் பெண்கள் புகைப்பது மிக அரிது, இங்கே அப்படி இல்லை. ஆனால் புகையிலை மட்டும் இந்த எண்ணை உண்டாக்கவில்லை.

காசநோய் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று வந்தவுடன் பதிவேட்டில் "குணமானார்" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். கிருமி போய்விட்டது, சரிதான். நுரையீரல் பழையபடி வருவதில்லை. தழும்பு விழுந்த இடம் சுருங்குகிறது, மூச்சுக்குழாய்கள் இழுபட்டு விரிந்து உருக்குலைகின்றன, சில இடம் அடைந்துபோகின்றன. ஒரு முறைக்கு மேல் காசநோய் வந்தவர்களுக்குச் சேதமும் அதற்கேற்பக் கூடுகிறது. குணமான பின் மூச்சு வாங்குகிறது என்று திரும்பி வந்தால் மறுபடி காசநோய்ச் சோதனை, மறுபடி "ஒன்றும் இல்லை". உலகம் முழுக்கக் காசநோயிலிருந்து மீண்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்தும், மீண்ட பிறகான நுரையீரல் நோய்க்கென்று முதல் பன்னாட்டு மாநாடு கூடியது 2019-இல்தான். அது கேப் டவுனுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லன்போஷில் கூடியதில் பொருத்தம் உண்டு.

அடுத்தது சுரங்கம். தங்கச் சுரங்கத்தின் பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் உண்டாக்குகிறது. காசநோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறது. தன் பங்குக்கு மூச்சுக்குழாய் அடைப்பையும் தருகிறது. லெசோத்தோ, மொசாம்பிக், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதி என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் எடுத்து, உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு அனுப்பினார்கள். நோய் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்டுபிடிக்கிற மருத்துவம் நகரத்திலேயே நின்றது. தொழிலாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் சுரங்க நிறுவனங்கள் 2018-இல் சமரசத்துக்கு வந்தன. 2019-இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்குள் உரியவர்களில் எத்தனையோ பேர் இறந்துபோயிருந்தார்கள்.

அடுப்புப் புகை

சுரங்கமே இல்லாத ஊரில்? உகாண்டாவின் மசின்டி மாவட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களை ஊதவைத்தபோது 16.2 சதவீதம் பேருக்கு அடைப்பு. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்றுக் கூடுதல். அவர்களில் கணிசமானவர்கள் நாற்பதைக்கூடத் தொடாதவர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விறகுப் புகையில் வாழ்கிறவர்கள். டான்சானியாவின் கிளிமஞ்சாரோ பகுதிக் கிராமங்களிலும் 17.5 சதவீதம் என்ற எண் கிடைத்தது. அங்கே மருந்து பெற்றுக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

ஆகவே அடுப்பை மாற்றினால் நோய் குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மலாவியில் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 150 கிராமத் தொகுதிகள், ஐந்து வயதுக்குட்பட்ட 10,750 குழந்தைகள். பாதிக் கிராமங்களுக்குச் சூரிய ஒளியில் மின்னூட்டம் செய்யக்கூடிய, விசிறி வைத்த, புகை குறைந்த அடுப்பு. மீதிக் கிராமங்களில் வழக்கமான மூன்று கல் அடுப்பு. 2017-இல் வந்த முடிவு பலரையும் சோர்வடையச் செய்தது: குழந்தைகளின் நிமோனியா குறையவே இல்லை. பெரியவர்களின் நுரையீரலிலும் பயன் தெரியவில்லை. அதே திட்டத்தில் சிக்வாவா பகுதிப் பெரியவர்கள் சுவாசித்த காற்றை அளந்தபோது, நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சராசரி 71 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய ஒரு நாள் வரம்பு 15. அடுப்பு மாறினாலும் பக்கத்து வீட்டுப் புகை, குப்பை எரிக்கும் புகை, வயல் புகை, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் மாறவில்லை. போல்ட் ஆய்வின் தொகுப்புக் கணக்கும் 2018-இல் விறகு, கரி அடுப்புக்கும் மூச்சுக்குழாய் அடைப்புக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்றுதான் சொன்னது. புகை நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கண் எரிய, இருமிக்கொண்டே சமைக்கிற ஒரு பெண்ணுக்குப் புகையிலிருந்து விடுதலை வேண்டும் என்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. ஆனால் ஆப்பிரிக்க நுரையீரலின் எல்லாத் துன்பத்தையும் அடுப்பின் தலையில் கட்டிவிட முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

சிக்வாவாவில் கவனத்தை உண்மையில் ஈர்க்க வேண்டியது வேறு ஒன்று. அடைப்பு இருந்தவர்கள் 8.7 சதவீதம்தான். நுரையீரலின் மொத்தக் கொள்ளளவே குறைவாக இருந்தவர்கள் 34.8 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு நுரையீரல் சிறியது. அடைப்பை மட்டும் தேடும் கணக்கில் இவர்கள் வரவே மாட்டார்கள்.

இந்த எண்ணைச் சொன்னதும் ஒரு பழைய வாதம் கிளம்பும்: கறுப்பினத்தவரின் நுரையீரல் இயற்கையிலேயே சிறியது, ஆகவே அளவுகோலைத் தளர்த்த வேண்டும் என்று. அந்த வாதத்தின் வேர் நல்ல இடத்தில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் மருத்துவரான சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகளின் நுரையீரல் திறன் குறைவு என்றும், உழைப்பே அதற்கு மருந்து என்றும் எழுதினார். இன அடிப்படையில் கழித்துக்கொள்ளும் பழக்கம் பிறகு ஸ்பைரோமீட்டர் கணக்குகளுக்குள் புகுந்து, அண்மைக்காலம் வரை அங்கேயே இருந்தது. இப்படிக் கழித்தால் மலாவிக்காரர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்களாகிவிடுவார்கள். கழிக்காவிட்டால் மூன்றில் ஒருவர் நோயாளி. 2022-இல் இனம் பார்க்காத புதிய சமன்பாடு வந்தது. 2023-இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் அதையே பயன்படுத்தச் சொன்னது.

என் பார்வையில் சரியான கேள்வி, ஒரு நுரையீரல் ஏன் சிறியதாக வளர்ந்தது என்பது. போல்ட் ஆய்வின் எண்களை நாடு வாரியாகப் பார்த்தவர்கள், சிறிய நுரையீரலும் வறுமையும் கூடவே நடப்பதைக் கண்டார்கள். கேப் டவுனிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பார்ல் நகரில் 2012-இல் தொடங்கிய டிராக்கன்ஸ்டைன் ஆய்வு, இதை நேரடியாகப் பார்க்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கருவுற்ற காலத்திலேயே சேர்த்து, பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் தூங்கும்போதே நுரையீரலை அளந்து, அந்தக் குழந்தைகளோடு ஆண்டுக்கணக்கில் கூடவே வருகிறார்கள். முதல் ஆண்டில் நெஞ்சுச் சளித் தொற்று, அதிலும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் தொற்று வந்த குழந்தைகளுக்கு, பின்னால் திரும்பத் திரும்ப மூச்சிழுப்பு வருவதையும், நுரையீரல் திறன் குறைந்து நிற்பதையும் அது காட்டியது. தாய் புகைத்தாலும், வீட்டில் புகை இருந்தாலும், பாதிப்பு பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நாற்பது வயதில் ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற நோயில் ஒரு பங்கு, தொட்டிலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

டர்பனின் தென்பகுதி

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் போய் நின்ற துறைமுகம் டர்பன். அந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று மெரிபேங்க். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதன் அருகில் வென்ட்வொர்த். ஆய்வுகள் நடந்த காலத்தில் இரண்டையும் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், காகித ஆலை, ரசாயனக் கிடங்குகள் இருந்தன. ஆலைகளுக்குப் பக்கத்தில் யாரைக் குடியேற்றலாம் என்று முடிவெடுத்ததில் நிறம் இருந்தது. அங்கிருந்தவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அல்ல அது.

மெரிபேங்கில் உள்ள செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில், உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு நிலையில் ஆஸ்துமா. காற்றில் கந்தக டையாக்சைடும் துகளும் கூடும் நாட்களில் அவர்களின் மூச்சுத் திறன் குறைந்தது. அடுத்து, நகரத்தின் தெற்கிலும் வடக்கிலும் உள்ள பள்ளிகளை ஒப்பிட்டுப் பெரிய ஆய்வு நடந்தது. தெற்கில் நிலைமை மோசம் என்று அதுவும் உறுதி செய்தது. குடியிருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று சொன்னதை எண்ணால் நிரூபிக்க இத்தனை காலம் ஆனது. அங்கே போராட்டத்தை முன்னெடுத்த டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

மருந்து இருக்கிறதா?

ஆஸ்துமாவுக்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இழுப்பு வந்ததும் குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் பஃப் ஒன்று. வீக்கத்தையே அடக்கி வைக்கும் ஸ்டீராய்டு பஃப் இன்னொன்று. இரண்டும் பழைய மருந்துகள், இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. பல ஆப்பிரிக்க நாடுகளில் முதலாவது எப்படியாவது கிடைத்துவிடும், இரண்டாவது கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. முதலாவதை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் அப்போதைக்கு மூச்சு வரும். வீக்கம் உள்ளே அப்படியே இருக்கும். ஒரு நாள் பெரிய இழுப்பில் அந்தப் பஃப் கைவிட்டுவிடும். 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நிவாரணப் பஃபை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க ஸ்டீராய்டு பஃப் மருந்தகத்தில் இருக்க வேண்டும்.

பணம் இல்லாத இடத்தில் புத்தியால் செய்ய முடிந்ததற்கும் கேப் டவுனிலேயே உதாரணம் உண்டு. சின்னப் பிள்ளைகளால் பஃபை அடித்த அதே நொடியில் மூச்சை இழுக்க முடியாது; நடுவில் ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும், அது விலை கூடுதல். குழந்தை மருத்துவர் ஹெதர் ஜாரும் அவருடைய குழுவினரும் 500 மில்லி குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு இன்ஹேலரைப் பொருத்தி, கடையில் விற்கும் ஸ்பேசரோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், திடீர் இழுப்போடு வந்த பிள்ளைகளுக்குப் பாட்டிலும் அதே அளவு வேலை செய்தது. டிராக்கன்ஸ்டைன் ஆய்வை நடத்துகிறவரும் அவர்தான்.

நோயைக் கண்டுபிடிப்பதற்கும் இப்படி ஒரு வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 40 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே மருத்துவர் அபூர்வம், செவிலியர்தான் எல்லாம். பாதி நிலையங்களில் செவிலியர்களுக்கு அவர்களின் இடத்துக்கே போய், சில அமர்வுகளில், இருமலோடு வருபவரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள்: எப்போது காசநோய், எப்போது ஆஸ்துமா, எப்போது நிமோனியா, எதற்கு எந்த மருந்து. காசநோயையும் ஆஸ்துமாவையும் போட்டியாளர்களாக்காமல், ஒரே இருமலின் இரண்டு வாய்ப்புகளாக வைத்துப் பாடம் நடத்தினார்கள். 2005-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற நிலையங்களில் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 6.4 சதவீதம், மற்றவற்றில் 3.8. மூச்சுக்குழாய் அடைப்புக்கு ஸ்டீராய்டு பஃப் எழுதிக் கொடுத்தது 13.7 சதவீதம் பேருக்கு, மற்றவற்றில் 7.7. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை, கூடுதலாக ஒரு மருத்துவரையும் நியமிக்கவில்லை. பயிற்சிக்குப் பிறகும் பலர் விடுபட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் விடுபட்டவர்களை எந்த மேசையில் உட்கார்ந்து, யார், எப்படித் தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.